கடலூர் – பாண்டி வீடு மாத்தறீங்களா? குட்டியானை வாடகைல இருந்து ரேஷன் கார்டு வரைக்கும் அடிக்கடி வர்ற கேள்விகள்

கடலூர்ல இருந்து பாண்டிக்கோ, பாண்டில இருந்து கடலூருக்கோ குடித்தனம் மாத்தறவங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்கள இங்க ஒண்ணா போட்டிருக்கேன், பெங்களூரு போறவங்களுக்கும் கீழ கொஞ்சம் இருக்கு. வாடகை, வண்டிக்கூலி எல்லாம் ஏரியா பாத்து ஆள் பாத்து மாறும், அதனால அந்த மாதிரி எடத்துல நான் போட்டிருக்கற தொகை கணக்கு புரியறதுக்கு வச்ச உதாரணம் மட்டும் தான்.

கடலூர்ல இருந்து பாண்டி 22 கிலோமீட்டர் தானே, இதுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்பு?

நெய்வேலி இத விட தூரம், ஆனா அங்க மாறினா ஆதார்ல அட்ரஸ், ரேஷன் கடை, கேஸ் ஏஜென்சி மாத்திட்டு வேலைய பாக்கலாம். பாண்டிக்கு போனா நீங்க தமிழ்நாட்ட விட்டே வெளிய போறீங்க. 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கைல இருந்து, 1962 ஆகஸ்ட் 16ல சட்டப்படி இந்தியாவோட சேந்த யூனியன் பிரதேசம் அது, அதுக்குன்னு தனி சட்டசபை, தனி ஆர்டிஓ, தனி ரேஷன், தனி இடஒதுக்கீடு பட்டியல். சாமான் ஏத்திட்டு போற செலவு தான் இதுல ரொம்ப சின்னது. அட்வான்ஸ்ல மாட்டிக்கற பணம், தமிழ்நாட்டு திட்டங்கள்ல இருந்து வெளிய வர்றது, பாண்டில உரிமை வர்றதுக்கு வருஷக்கணக்குல காத்திருக்கறது, பெரிய செலவு அங்க தான் இருக்கு. அதனால வீடு தேடறதுக்கு முன்னாடி வீட்ல எல்லாரும் உக்காந்து நம்ம பேப்பருங்க எந்த மாநிலத்துல இருக்கணும்னு முடிவு பண்ணிடுங்க.

வேலை பாண்டில கெடைச்சிருக்கு. மாறியே ஆகணுமா, தினம் போயிட்டு வரலாமா?

கணக்கு போடுங்க. பைக்ல போக வர 44 கிலோமீட்டர், மாசம் 25 நாள்னா 1100 கிலோமீட்டர், வண்டி 45 மைலேஜ் குடுத்தா 24, 25 லிட்டர், லிட்டர் 100 ரூபான்னு வச்சாலும் 2,500 ரூபா கிட்ட. பாண்டில பெட்ரோலுக்கு வரி கம்மிங்கறதால அங்கயே போட்டுக்கிட்டா இன்னும் கொஞ்சம் குறையும். சர்வீஸு, டயரு, ஆயிலு சேத்தா கூட, ஒரே மாதிரி வீட்டுக்கு கடலூர் வாடகைக்கும் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் வாடகைக்கும் இருக்கற வித்தியாசத்த இது பல பேருக்கு தாண்டாது.

ஆனா பைக்ல மழைக்காலம், நைட் ஷிப்டு, சனி ஞாயிறு சுற்றுலா கூட்டம், முருங்கப்பாக்கம் அரியாங்குப்பம் டிராபிக்கு எல்லாத்தையும் நெனச்சுக்கோங்க. பஸ்ஸு நெறைய ஓடுது, தமிழ்நாடு அரசு, பாண்டி அரசு, பிரைவேட்டுன்னு நின்னா வந்துட்டே இருக்கும். ரயிலு தான் கெடையாது. பாண்டி லைனும் விழுப்புரத்துக்கு போகுது, கடலூர் லைனும் விழுப்புரத்துக்கு போகுது, ரெண்டு ஊருக்கும் நடுவுல நேரா தண்டவாளமே இல்ல.

வேலை பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கம் இருக்கற மெடிக்கல் காலேஜ், இன்ஜினியரிங் காலேஜ்லன்னா மாறவே மாறாதீங்கன்னு தான் சொல்லுவேன். அது பாதி வழி, எல்லைய தாண்டி கொஞ்ச தூரம் தான். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து அங்க போறத விட பாண்டி டவுனுக்குள்ள இருந்து கெளம்பி டிராபிக்ல அங்க போறதுக்கு சமயத்துல நேரம் ஜாஸ்தி ஆகும்.

புரோக்கர் 'பாண்டி வீடு'ன்னு காட்டறாரு. அது நெஜமாவே பாண்டியா?

நல்ல கேள்வி, முக்காவாசி பேர் கேக்கறதே இல்ல. பாண்டி ஒரே துண்டா இருக்கற ஊரு கெடையாது, நடுநடுவுல தமிழ்நாடு வந்து வந்து போகும். வடக்கால முத்தியால்பேட்டை தாண்டினா கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம், அதையும் தாண்டி போனா காலாப்பட்டு, அது திரும்ப பாண்டி. ஜிப்மர் இருக்கற கோரிமேட்டுல எல்லைய தாண்டினா பட்டானூரு, தமிழ்நாடு. ஆரோவில் பெரும்பகுதி தமிழ்நாடு. தெக்கால முள்ளோடை வரைக்கும் பாண்டி, அதுக்கு இந்தப் பக்கம் ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். 605ன்னு ஆரம்பிக்கற பின்கோடு இருந்தா பாண்டின்னு நம்பாதீங்க, கோட்டக்குப்பத்துக்கும் 605 தான்.

வீட்டோட கரண்டு பில்ல காட்ட சொல்லுங்க. தமிழ்நாடு மின்வாரியம்னு இருந்தா தமிழ்நாட்டு வீடு, புதுச்சேரி மின்துறைன்னு இருந்தா பாண்டி வீடு, சந்தேகமே வேணாம். தமிழ்நாட்டு ரேஷன், பசங்க ஒதுக்கீடு எதையும் விட முடியாது ஆனா வேலை பாண்டிலன்னு இருக்கறவங்களுக்கு இந்த ஓரத்து ஊருங்க ஒரு வரம், கோட்டக்குப்பத்துலயோ பட்டானூர்லயோ வீடு எடுத்தா பேப்பரெல்லாம் தமிழ்நாட்டுலயே இருக்கும், வேலைக்கு பத்து நிமிஷம் கால் மணி நேரம்.

அட்வான்ஸ் எவ்ளோ கேப்பாங்க? கைல எவ்ளோ வச்சுக்கணும்?

அஞ்சு மாசத்துல இருந்து பத்து மாசம் வரைக்கும் ஓனரு மனசு போல கேக்கறாங்க. பழைய வீட்டு அட்வான்ஸ் சாவிய குடுத்தப்புறம் தான் வரும், புது வீட்டு அட்வான்ஸ் சாவி வாங்கறதுக்கு முன்னாடியே கட்டணும், பல பேர் கடன் வாங்கறது இந்த எடைவெளில தான். உதாரணத்துக்கு கடலூர் வீடு 7,000 வாடகை, அஞ்சு மாச அட்வான்ஸ் 35,000 அங்க மாட்டிட்டு இருக்கு. பாண்டி வீடு 10,000 வாடகை, ஆறு மாசம் 60,000, முதல் மாச வாடகை 10,000, புரோக்கருக்கு ஒரு மாசம் 10,000. ஆக 80,000 இப்பவே வேணும், அந்த 35,000 ஒரு மாசம் கழிச்சு பெயிண்ட் அடிக்கன்னு புடிச்சது போக வரும். வண்டிக்கூலிய பத்தி இன்னும் பேசவே இல்ல பாருங்க.

தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரில அமலுக்கு வந்த வாடகை சட்டத்துல, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக்கூடாதுன்னு இருக்கு, அக்ரிமெண்ட வாடகை அதிகாரி கிட்ட பதிவும் பண்ணணும். அது தமிழ்நாட்டு சட்டம், பாண்டில இருக்கற ஓனர் கிட்ட அத காட்டி பேச முடியாது. அக்ரிமெண்ட்ல ரெண்டு விஷயத்த மட்டும் எழுதி வாங்குங்க, காலி பண்ணி எத்தன நாள்ல அட்வான்ஸ் திரும்ப வரும், பெயிண்டுக்கு அதிகபட்சம் எவ்ளோ புடிப்பாங்க. ஏற்கனவே செவுத்துல இருக்கற ஓதம், ஒடஞ்ச குழாய், ஓட்டை எல்லாத்தையும் சாமான் ஏறங்கறதுக்கு முன்னாடி வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, பின்னாடி சண்டை வராது.

ஒயிட் டவுன் பக்கம் வீடு தேடறவங்களுக்கு ஒரு வார்த்தை, அங்க வாடகைய ஏத்தி வச்சிருக்கறது டூரிஸ்டு, நமக்கு வேணாம் அது.

வண்டிக்கு என்ன ஆகும்? குட்டியானை போதுமா?

ஒரு பெட்ரூம் வீடு, ஃபிரிட்ஜு வாஷிங் மெஷினு ஒரு கட்டிலு பீரோன்னா குட்டியானைல ஒரே நடையில கஷ்டப்பட்டு அடங்கும், சில சமயம் ரெண்டு நடை ஆகும். ரெண்டு பெட்ரூம், சோபா, டைனிங் டேபிள், செடித்தொட்டி எல்லாம் இருந்தா 407 லாரி பேசிடறது நல்லது. ரெண்டு நடை குட்டியானையும் ஒரு நடை 407ம் கிட்டத்தட்ட ஒண்ணா வந்து நிக்கும், டைம் மிச்சம்.

பேசறப்போ வண்டி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி மூணையும் தனித்தனியா கேளுங்க. புது வீடு மாடின்னா எத்தனாவது மாடி, படிக்கட்டு எவ்ளோ அகலம், பீரோ திரும்புமான்னு முன்னாடியே சொல்லிடுங்க, எடத்துக்கு வந்து பாத்துட்டு கேக்கற கூலி வேற மாதிரி இருக்கும். ஏசி கழட்ட மாட்ட ஆள் தனி, கேஸ் ரொப்ப வேண்டி வந்தா அதுவும் தனி. டிரைவர் கிட்ட "அண்ணே, பாண்டிக்குள்ள வண்டி வர்றதுக்கு டாக்ஸ் எதுனா இருந்தா அது உங்களோடதா என்னோடதா"ன்னு ஏத்தறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

வீட்டு சாமானுக்கு பார்டர்ல வரி, இ-வே பில் எல்லாம் உண்டா?

இல்ல. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1ல வந்தப்பவே நுழைவு வரி, ஆக்ட்ராய் எல்லாம் அதுக்குள்ள போயிடுச்சு. பழகின வீட்டு சாமானுக்கு இ-வே பில்லும் (சரக்கு கொண்டு போறதுக்கு ஜிஎஸ்டில எடுக்கற பில்) வேணாம்னு விதியிலயே விலக்கு இருக்கு. அதனால எவனாவது சாமானுக்கு "பார்டர் டாக்ஸ்"னு தனியா ஒரு தொகை போட்டா குடுக்காதீங்க. ஒரு பேப்பர்ல சாமான் லிஸ்ட் எழுதி, 'சொந்த உபயோகத்துக்கு, பழைய வீட்டு சாமான்கள்'னு கையெழுத்து போட்டு டிரைவர் கிட்ட ஒண்ணு, உங்க கிட்ட ஒண்ணு வச்சுக்கோங்க. புதுசா கடைல வாங்கி பெட்டி பிரிக்காத டிவி, ஃபிரிட்ஜு இருந்தா பில்லு கைல இருக்கட்டும்.

நகை, பத்திரம், சர்டிபிகேட், லேப்டாப்பு வண்டில ஏத்தாதீங்க. உங்களோட பஸ்ல வரட்டும்.

எந்த மாசம் மாறினா செலவு கம்மி?

ஆடியிலயும் மார்கழியிலயும் நம்ம ஊர்ல யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க, அதனால அந்த மாசங்கள்ல வீடு காலியா கெடக்கும், ஓனரும் அட்வான்ஸ்ல ரெண்டு மாசம் எறங்கி வருவாரு, குட்டியானைக்காரரும் சும்மா நிப்பாரு. நம்பிக்கை இல்லாதவங்களுக்கு ஆடி தான் சீசன். பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்கன்னா ஆனி கடைசில நல்ல நாள் பாத்து பால் காய்ச்சிட்டு சாமானை ஆடியில ஏத்தறவங்களும் இருக்காங்க, சாஸ்திரம் அதுக்கு என்ன சொல்லுதோ எனக்கு வேணாம்.

மழைக்காலத்துல மட்டும் மாறாதீங்க, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இந்த கடற்கரையே பயந்துட்டு தான் இருக்கும். 2011 டிசம்பர் 30ல தானே புயல் நம்ம ரெண்டு ஊருக்கு நடுவுல தான் ஏறுச்சு, 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் பாண்டி பக்கம் கரைய கடந்தப்போ ஒரே நாள்ல கொட்டின மழைல டவுனே மெதந்துச்சு, அடுத்து தென்பெண்ணை பெருகி கடலூரு தண்ணில நின்னுச்சு. ஆனா அந்த மாசத்துல வீடு *பாக்க* போங்க, மாறத்தான் வேணாம். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் மாதிரி தாழ்வான எடத்துல தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு வெயில் காலத்துல யாரும் சொல்ல மாட்டாங்க, மழைல போனா கண்ணாலயே பாக்கலாம். கடலூர் பக்கம் வர்றவங்க கெடிலம், தென்பெண்ணை ஓரத்த இதே மாதிரி பாருங்க.

கேஸ் சிலிண்டர அப்படியே வண்டில ஏத்திட்டு போயிடலாமா?

அடுப்ப ஏத்துங்க, சிலிண்டர ஏத்தாதீங்க. பழைய ஏஜென்சில சிலிண்டரும் ரெகுலேட்டரும் திருப்பி குடுத்தா டெர்மினேஷன் வவுச்சர்னு ஒண்ணு குடுத்து டெபாசிட்ட திருப்பி தருவாங்க, அத புது ஊர்ல அதே கம்பெனி ஏஜென்சில காட்டி கனெக்ஷன் வாங்கணும். இதுல பலருக்கு ஷாக் அடிக்கறது டெபாசிட்ல தான். நீங்க அந்தக் காலத்துல எவ்ளோ கட்டினீங்களோ அவ்ளோ தான் திரும்ப வரும், புது எடத்துல இப்ப இருக்கற ரேட்டு கட்டணும். 2022 ஜூன்ல ஏத்துனதுல இருந்து 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் 2,200, ரெகுலேட்டருக்கு 250. ரெண்டு சிலிண்டர் வச்சிருந்தா ரெண்டு மடங்கு. அம்மா காலத்து கனெக்ஷன்னா வித்தியாசம் ஆயிரக்கணக்குல போகும். பழைய சந்தா வவுச்சர் பேப்பர இப்பவே தேட ஆரம்பிங்க.

கரண்டு பில் பாண்டில கம்மியாமே?

சிலருக்கு கம்மி, சிலருக்கு இல்ல. தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ கணக்கு, வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்ட தாண்டினா ஸ்லாப் மாறி பில்லு எகிறும். பாண்டில மாசா மாசம் பில்லு, அந்த 100 யூனிட் இலவசம் கெடையாது. ஃபேனு லைட்டு மட்டும் ஓடற சின்ன குடும்பத்துக்கு தமிழ்நாடு தான் லாபம். வெயில்ல ரெண்டு ஏசி ஓடற வீட்டுக்கு பாண்டில மூச்சு விடலாம்.

இதெல்லாம் உங்களுக்குன்னு தனி மீட்டர் இருந்தா தான். ஓனரு சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு ஒரே ரேட்டுன்னு வசூல் பண்ணினா எந்த மாநிலமா இருந்தா என்ன, இலவசமும் கெடையாது ஸ்லாபும் கெடையாது. வீடு பாக்கறப்பவே மீட்டர் யார் பேர்ல, தனியா பொதுவான்னு கேளுங்க.

ரேஷன் கார்டு என்ன ஆகும்? ஆயிரம் ரூபா நின்னுடுமா?

தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டுல பேர நீக்கி சான்று வாங்கினா தான் பாண்டில புதுசுக்கு எழுதி குடுக்க முடியும், ரெண்டு பக்கமும் வச்சுக்கறது தப்பு, மாட்டினா பிரச்சனை. வட்ட வழங்கல் அலுவலகத்துலயும் பண்ணலாம், ஆன்லைன்லயும் பண்ணலாம். பாண்டில ஏழைங்களுக்கு சிவப்பு கார்டு, மத்தவங்களுக்கு மஞ்ச கார்டு, சிவப்பு கெடைக்கறது சுலபமில்ல.

தமிழ்நாட்டுல வருமானம் இருக்கறவங்களுக்கும் அரிசி கார்டு இருந்தா அரிசி இலவசம், கூட சக்கர, பருப்பு, பாமாயில் மலிவு வெலைல. பாண்டில 2015ல இருந்து பல வருஷம் அரிசிக்கு பதிலா பேங்குல பணம் தான் போட்டாங்க, 2024ல தான் ரேஷன் கடைய திரும்ப தொறந்து அரிசி குடுக்க ஆரம்பிச்சாங்க. 'ஒரே நாடு ஒரே ரேஷன்'னு சொல்றாங்களே, கடலூர் கார்ட வச்சு பாண்டில எல்லாம் வாங்கிடலாமான்னா, இல்ல. அது மத்திய உணவுப் பாதுகாப்பு சட்டத்துக்குள்ள வர்ற முன்னுரிமை கார்டுக்கு, அதுவும் அரிசி கோதுமை பங்குக்கு மட்டும். தமிழ்நாடு அரசு தன் கைல இருந்து குடுக்கற பருப்பு, எண்ணெய், பொங்கல் பரிசு எல்லாம் எல்லைல நின்னுடும்.

2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை தமிழ்நாட்டு குடும்ப அட்டைய வச்சு தான் வருது, கார்டு போனா மாசம் 1,000 போச்சு, வருஷத்துக்கு 12,000. வீட்டு பொம்பளைங்க டவுன் பஸ்ல காசில்லாம போயிட்டு இருந்தா அதுவும் போச்சு, 2021 மே மாசத்துல இருந்து ஓடற அந்த இலவசம் தமிழ்நாட்டு அரசோட சாதாரண டவுன் பஸ்ல தான். பாண்டி டவுனுக்குள்ள ஓடறது பெரும்பாலும் பிரைவேட் பஸ்ஸும் டெம்போவும். குடும்பத் தலைவிக்கு மாசப் பணம் பாண்டி அரசும் குடுக்குது, ஆனா ஆரம்பிச்சப்போ அது வேற எந்த உதவித்தொகையும் வாங்காத ஏழை குடும்பத்துக்கு மட்டும் தான் இருந்துச்சு, இப்ப யாருக்குன்னு விசாரிச்சுக்கோங்க. சம்பள உயர்வு 3,000 ரூபான்னு சந்தோஷமா மாறப் போறவங்க, இத எல்லாம் கழிச்சுட்டு மிச்சம் என்னன்னு பாருங்க.

TN 31 வண்டிய பாண்டில ஓட்டலாமா? PY வண்டிய கடலூர்ல ஓட்டினா புடிப்பாங்களா?

தினம் வேலைக்கு போயிட்டு வர்றதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, சாயங்காலம் பாலத்துல பாதி வண்டி அந்தப் பக்கத்து நம்பர் தான். ஆனா வண்டி வேற மாநிலத்துலயே 12 மாசத்துக்கு மேல இருந்தா அங்க மறுபதிவு பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 47வது பிரிவு சொல்லுது. பழைய ஆர்டிஓல ஃபார்ம் 28 குடுத்து என்ஓசி (ஆட்சேபணை இல்லேன்னு சான்று) வாங்கணும், கடன் இருந்தா பேங்க் கிட்டயும் ஒரு என்ஓசி, அப்புறம் புது ஆர்டிஓல ஃபார்ம் 27, சாலை வரி, புது நம்பர் பிளேட்டு. இன்சூரன்ஸ்லயும் ஃபாஸ்டேக்லயும் நம்பர் மாத்த மறக்கக் கூடாது.

பாண்டில வரி கம்மி, தமிழ்நாட்டுல கார் வெலைய பொறுத்து 12ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் வாழ்நாள் வரி. அதனால கடலூர்ல இருந்து பாண்டி போறவங்களுக்கு பெரிய அடி இல்ல, பழைய எடத்துல கட்டின வரில மிச்ச வருஷத்துக்கு ரீஃபண்டும் கேக்கலாம், பொறுமை இருந்தா. பாண்டில இருந்து கடலூர் வர்றவங்க தான் நல்லா யோசிக்கணும், வண்டி வயசுக்கு தக்க வரி கட்டணும். பழைய கார்னா அங்கயே வித்துட்டு இங்க ஒண்ணு வாங்கறது பல சமயம் லாபம். சொந்தக்காரர் பாண்டி அட்ரஸ்ல PY நம்பர் எடுத்துட்டு கடலூர்லயே வருஷக்கணக்கா ஓட்டற ஆளுங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லல, சோதனைல புடிச்சா வரியும் அபராதமும் சேந்து வரும்.

வேலைல அடிக்கடி மாநிலம் மாறறவங்க, மத்திய மாநில அரசு ஊழியரோ, நாலு மாநிலத்துலயோ அதுக்கு மேலயோ ஆபீஸ் இருக்கற கம்பெனி ஆளுங்களோ, 2021ல வந்த BH நம்பர் உங்க ஆர்டிஓல குடுக்கறாங்கன்னா எடுத்துக்கலாம், அதுக்கு இந்த தலைவலியே கெடையாது. லைசென்ஸு மாத்த வேணாம், அது நாடு பூரா செல்லும்.

பையன் ஒம்பதாவது படிக்கறான். இப்ப மாறலாமா?

என்னைய கேட்டா பன்னெண்டாவது முடிய பொறுங்க, இல்லேன்னா அஞ்சாவது முடிச்சப்பவே மாறியிருக்கணும். நடுவுல மாறறது தான் மோசம். ஏன்னா தமிழ்நாட்டுல மெடிக்கலுக்கு ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும், இன்ஜினியரிங்குக்கு எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டுல படிச்சிருந்தா நேட்டிவிட்டி சான்று கேக்க மாட்டாங்க. நடுவுல வெளிய போனா பூர்வீகம் தமிழ்நாடுன்னு சான்று, அப்பா அம்மா பேப்பரோட நிரூபிக்கணும், முடியும், ஆனா அலைச்சல். அரசு பள்ளி பசங்களுக்கு மெடிக்கல்ல இருக்கற 7.5 சதவீத ஒதுக்கீடும், பொண்ணுங்களுக்கு காலேஜ்ல மாசம் 1,000 குடுக்கற புதுமைப் பெண்ணும் தமிழ்நாட்டு அரசு பள்ளில (புதுமைப் பெண்ணுக்கு அரசு உதவி பெறும் பள்ளியும் சேரும்) தொடர்ந்து படிச்சா தான், அது போனா திரும்ப வராது.

அந்தப் பக்கம் பாண்டில சென்டாக் (காலேஜ் சீட்டு ஒதுக்கற பாண்டி அரசு கமிட்டி) மூலமா சீட்டு வாங்கணும்னா அஞ்சு வருஷம் தொடர்ச்சியா அங்க குடியிருந்த சான்று வேணும். ஒம்பதாவதுல போனா பன்னெண்டு முடிக்கறப்போ நாலு வருஷம் தான் ஆகியிருக்கும். இந்தப் பக்கமும் சிக்கல், அந்தப் பக்கமும் இல்ல, திரிசங்கு தான். அஞ்சு வருஷ கணக்கு அட்ரஸ் பேப்பர வச்சு தான் ஓடும், அதனால பாண்டி போறதுன்னு முடிவு பண்ணிட்டா முதல் மாசமே அக்ரிமெண்ட், ஆதார், கேஸ் எல்லாம் அங்க மாத்தி தேதிய ஆரம்பிச்சுடுங்க.

சிலபஸும் பாருங்க. பாண்டி அரசு பள்ளிங்க 2023-24ல பெரிய கிளாஸ்லயும் சிபிஎஸ்இக்கு மாறிடுச்சு, சமச்சீர்ல படிச்ச பிள்ளைக்கு முதல் வருஷம் திணறும். தமிழ்நாட்டு போர்டு வேணும்னா அங்க பிரைவேட் ஸ்கூல்ங்க இருக்கு, அப்ப ஃபீஸ் செலவு புதுசா சேரும். டிசி வாங்கறப்போ கல்வி அலுவலர் மேலொப்பமும் வாங்கிடுங்க, மாநிலம் மாறறதால கேப்பாங்க. பத்து வருஷம் கழிச்சு ஒரு சீட்டுக்கு ஆகற வித்தியாசம் லட்சத்துல இருக்கும், குட்டியானைக்கு ஐநூறு கொறைக்க பேரம் பேசறவங்க இத யோசிக்க மாட்டேங்கறாங்க.

சாதி சான்றிதழ்?

தமிழ்நாட்டு சான்ற காட்டி பாண்டி அரசு வேலைலயோ அங்கத்து கல்வி ஒதுக்கீட்டுலயோ எடம் கேக்க முடியாது. பட்டியலின மக்களுக்கு இது ரொம்பவே வலிக்கற விஷயம், குடிபெயர்ந்து வந்தவங்களுக்கு சொந்த மாநிலத்துல தான் அந்த ஒதுக்கீடுன்னு சட்டம் இருக்கு, பாண்டில பூர்வீகம், குடிபெயர்ந்தவர்னு இத வச்சு பல வருஷமா பிரச்சனை நடக்குது. மத்திய அரசு வேலைக்கு உங்க பழைய சான்று செல்லும். பிசி எம்பிசி ஆளுங்களும் உங்க சாதி பேரு பாண்டி பட்டியல்ல எந்தப் பிரிவுல இருக்குன்னு முன்னாடியே பாருங்க, இங்க ஒண்ணா இருக்கறது அங்க வேறயா இருக்கும்.

மருத்துவ செலவு?

ஜிப்மர் மத்திய அரசோடது, எந்த ஊர்க்காரரும் போகலாம், கடலூர்ல இருந்து காலைல முதல் பஸ்ல கூட்டம் கூட்டமா போறது அதுக்கு தான். அதுக்காக வீடு மாற வேணாம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கறவங்களுக்கு, குடும்ப அட்டை வேணும். வீட்ல டயாலிசிஸ், ஆபரேஷன்னு ஏதாவது அந்த திட்டத்துல ஓடிட்டு இருந்தா அது முடியற வரைக்கும் தமிழ்நாட்டு கார்ட தொடாதீங்க.

காய்கறி, மளிகை, மாச செலவு?

பெருசா வித்தியாசம் இல்ல. ரெண்டு ஊருக்கும் காய் ஒரே பக்கத்துல இருந்து தான் வருது. மீனுக்கு கடலூர் முதுநகர் துறைமுகம் கைக்கு அடங்கும், பாண்டி பெரிய மார்க்கெட்ல அதே மீனுக்கு வார கடைசில ஹோட்டல்காரங்களோட போட்டி போடணும். துணிமணிக்கு காந்தி வீதி ஞாயித்துக்கெழம சந்தை நல்லா இருக்கும். தண்ணி தான் பாக்கணும், கடலோர ஏரியால போர் தண்ணி உப்பு, அப்ப மாசம் பூரா கேன் வாங்கணும், குடிக்க மட்டும் இல்ல சமைக்கவும். வீடு பாக்க போனா குழாய தொறந்து ஒரு வாய் ஊத்தி பாத்துடுங்க.

சின்ன கடை வச்சிருக்கேன், ஜிஎஸ்டி நம்பர் மாத்தணுமா?

மாத்த முடியாது, புதுசு தான் எடுக்கணும். தமிழ்நாடு 33ல ஆரம்பிக்கும், பாண்டி 34. அதோட ஒண்ணு கவனிங்க, பொருள் விக்கறவங்களுக்கு தமிழ்நாட்டுல வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் பதிவு வேணாம், பாண்டில அந்த வரம்பு 20 லட்சம் தான். கடலூர்ல பதிவே இல்லாம நிம்மதியா நடத்தின கடை, அதே வியாபாரத்தோட பாண்டிக்கு போனா பதிவு, ரிட்டர்ன், ஆடிட்டர் ஃபீஸுன்னு ஆகும்.

ஆதார், வோட்டர் ஐடி?

ஆதார்ல அட்ரஸ் மாத்த நூறு ரூபாய்க்குள்ள தான். வோட்டர் ஐடிக்கு ஃபார்ம் 8, மாநிலம் மாறினாலும் அதே ஃபார்ம், ஃபார்ம் 6 புது வாக்காளருக்கு. ஆதார முதல்ல முடிங்க, மத்ததெல்லாம் அத கேக்கும்.

நாங்க பெங்களூரு போறோம், எங்களுக்கு என்ன வித்தியாசம்?

300 கிலோமீட்டருக்கு மேல போறதால இங்க வண்டிக்கூலி நெஜமாவே பெரிய செலவு. லாரி காலியா திரும்பி வர்றதுக்கும் சேத்து தான் உங்க கிட்ட வாங்குவாங்க, அதனால பெங்களூர்ல இருந்து லோடு கொண்டாந்து திரும்பப் போற வண்டி கெடைக்குதான்னு லாரி ஷெட்ல விசாரிங்க, தேதிய ரெண்டு நாள் முன்ன பின்ன தள்ள ஒத்துக்கிட்டா நல்லா கொறையும். பேக்கர்ஸ் கம்பெனின்னா ரொம்ப கம்மியா ரேட் சொல்றவன நம்பாதீங்க, சாமான ஏத்திட்டு வழில நிறுத்தி கூட கேக்கற கும்பல் இருக்கு. லிஸ்ட், போட்டோ, பில்டி (லாரி ரசீது) நகல் கைல இல்லாம வண்டிய கெளம்ப விடாதீங்க, முழுப் பணத்தையும் முன்னாடியே குடுக்காதீங்க.

கர்நாடகால கார் வரி ரொம்ப ஜாஸ்தி, ஒரு வருஷத்துக்கு மேல இருக்கப் போறீங்கன்னா கார இங்கயே விட்டுட்டு போறது பத்தி யோசிங்க. அங்க பொம்பளைங்களுக்கு பஸ் இலவசம் உண்டு, ஆனா கர்நாடகா அட்ரஸ் இருக்கற அடையாள அட்டை காட்டணும். வீட்டுக்கு மாசம் 200 யூனிட் வரைக்கும் கரண்டு இலவச திட்டத்துல வாடகைக்கு இருக்கறவங்களும் சேரலாம். ஸ்கூல்ல கன்னடம் கட்டாயம், சிபிஎஸ்இலயும்.

போன் நம்பர் மாத்தணுமா?

பெங்களூருக்கும் வேணாம், இந்தியா பூரா ரோமிங் ஃப்ரீ. பாண்டியும் காரைக்காலும் தமிழ்நாடு சர்க்கிள்லயே தான் வருது. மாஹே மட்டும் கேரளா, ஏனாம் ஆந்திரா.